மைவியில் காயிலோவர்: செம்மண் பாதையில் முன்பக்கம் தட்டுகிறது, கிளிக் மாற்றியும் பயனில்லை

லயத்துவீடு எழுதியது:

வணக்கம். பேராக், சுங்கை சிப்புட்டுக்கு உள்ளே ஒரு செம்பனைத் தோட்டத்தில் குடியிருக்கிறேன். எண்ணெய் ஆலையின் எடைமேடையில் வேலை. எங்கள் லயத்திலிருந்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) தார்ச்சாலையை அடைய 6 கிலோமீட்டர் செம்மண் பாதை. குலை ஏற்றிய லாரிகள் ஓடி ஓடி அந்தப் பாதையைத் தகரக் கூரை போல வரிவரியாக்கிவிட்டன. பாதையின் நடுவில் ஒரு மதகு இருக்கிறது. அதன் சிமெண்டு விளிம்பு மண்ணைவிட நான்கு விரல் உயரம்.

வண்டி 2009ஆம் ஆண்டின் மைவி 1.3, கியர் வண்டி, 186,000 கிலோமீட்டர் ஓடியது. இரண்டு மாதங்களுக்கு முன் அப்சார்பர் நான்கும் எண்ணெய் கசிந்தன. உடன் வேலை செய்யும் நண்பர் தன் காரை விற்கும்போது கழற்றிவைத்த காயிலோவர் செட்டை, அதாவது திருகி உயரத்தை மாற்றக்கூடிய ஸ்பிரிங்கையும் அப்சார்பரையும், 900 ரிங்கிட்டுக்குத் தந்தார். முன் ஸ்பிரிங்கில் 6 கிலோ என்றும், பின் ஸ்பிரிங்கில் 4 கிலோ என்றும் பொறித்திருக்கிறது. அப்சார்பரின் இறுக்கத்தை மாற்றும் குமிழுக்கு 24 கிளிக். டவுனில் ஒரு பட்டறையில் ஒரே மாலையில் பொருத்தினார்கள். டயருக்கும் மட்கார்டுக்கும் இடையில் ஒன்றரை விரல் இருக்கட்டும் என்று கேட்டது நான்தான். பார்க்க அழகாக இருந்தது. மறுநாள் காலையே வருத்தம் தொடங்கிவிட்டது.

இப்போதைய நிலை இதுதான். 20, 30 வேகத்தில் சின்னச் சின்ன மேடுகளில் முன்பக்கம் "டொக் டொக்" என்கிறது. மதகில் ஏறும்போது "தட்" என்று ஒரு அடி, ஸ்டியரிங் வரை வருகிறது. கிளிக்கை முழுக்கத் திறந்தும் முழுக்க மூடியும் ஓட்டிப் பார்த்தேன். அந்த அடி மாறவில்லை. முன் டயர்களின் உள்விளிம்பு இரண்டு மாதத்தில் மழுங்கிவிட்டது.

என் அம்மாவை வாரத்துக்கு மூன்று நாள் டவுனுக்கு டயாலிசிஸ் செய்ய அழைத்துப் போகிறேன். திரும்பி வரும்போது அவருக்கு உடம்பில் வலுவே இருக்காது. மதகு வருவதற்கு முன்பே மேலே இருக்கும் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்கிறார். எதுவும் சொல்வதில்லை. அதைப் பார்க்கத்தான் எனக்குப் பொறுக்கவில்லை.

பட்டறையில் கேட்டதற்கு, ஸ்பிரிங்கை மேலும் தளர்த்தினால் மென்மையாகும் என்றார்கள். நண்பரோ, இறுக்கினால்தான் சத்தம் போகும் என்கிறார். எதைச் செய்வது? அல்லது செட்டையே கழற்றிவிடுவதா?

அளவுகள்: டயர் 175/65 ஆர்14. சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை முன்பக்கம் 315 மி.மீ.; பழைய ஸ்பிரிங்கைக் கழற்றுவதற்கு முன் 365 இருந்தது. ஆலை எடைமேடையில் முன் சக்கரங்களை மட்டும் ஏற்றிப் பார்த்தேன். நான் உட்கார்ந்த நிலையில் 620 கிலோ.

—

கிள்ளான்வேகம் எழுதியது:

சகோதரரே, நேராகச் சொல்லிவிடுகிறேன். நான் என் காரை சிப்பாங் கார்ப் பந்தய ஓடுதளத்துக்காக அமைத்திருக்கிறேன். முன்னால் 8 கிலோ ஸ்பிரிங். அந்த ஓடுதளம் மேசை போல இருக்கும். அங்கிருந்து வீட்டுக்கு வரும் வழியிலேயே என் மனைவி பேச மாட்டார். உங்கள் பாதைக்கும் உங்கள் அம்மாவுக்கும் கம்பெனி ஸ்பிரிங்கும் புது அப்சார்பரும் போதும். செட்டை விற்றுவிடுங்கள்.

—

தைப்பிங்பட்டறை எழுதியது:

தம்பி, விற்பதற்கு முன் இரண்டு நாள் பொறுங்கள். நான் 19 ஆண்டுகளாகப் பட்டறை வைத்திருக்கிறேன். எங்கள் பக்கமும் பாதி வண்டி தோட்டத்து வண்டிதான். 6 கிலோ முரட்டு ஸ்பிரிங் இல்லை. நீங்கள் சொல்லும் அடி ஸ்பிரிங்கின் கடினத்தால் வருவதாகத் தோன்றவில்லை. மூன்றே விஷயம் பார்த்துச் சொல்லுங்கள்.

முன் சக்கரத்தை ஜாக்கில் தூக்கித் தொங்கவிட்டு ஸ்பிரிங்கைக் கையால் சுழற்றுங்கள். சுழல்கிறதா? அதே நிலையில், அப்சார்பர் உடலின் மேல் விளிம்பிலிருந்து மேல் மவுண்டிங் வரை பளபளப்பான கம்பி எவ்வளவு வெளியே தெரிகிறது? வண்டியை இறக்கி, கொஞ்சம் உருட்டி நிறுத்தியபின் அதே கம்பி எவ்வளவு தெரிகிறது? கம்பியின் மேல்முனையில் இருக்கும் பம்ப் ஸ்டாப் ரப்பரின் (முழுக்க அமுங்கும்போது மோதலைத் தாங்குவது) நீளத்தையும் சேர்த்து எழுதுங்கள். ஜாக்கை மட்டும் நம்பிக் கைவிடாதீர்கள். ஸ்டாண்டு கொடுங்கள், பின் சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள்.

—

லயத்துவீடு எழுதியது:

அண்ணே, இன்று காலை வேலைக்குப் போகும் முன் பார்த்தேன். தூக்கியதும் ஸ்பிரிங் ஒரே விரலில் சுழல்கிறது. அதன் கீழ்முனை உட்காரும் தட்டில் பெயிண்ட் முழுக்கத் தேய்ந்து, வட்டமாக வெள்ளி போலப் பளபளக்கிறது. அந்த வட்டத்தின் ஓரத்தில் பொடிப்பொடியாகச் செம்மண்.

தொங்கும்போது கம்பி 120 மி.மீ. தரையில் நிற்கும்போது 58. பம்ப் ஸ்டாப் 40. இடமும் வலமும் ஏறக்குறைய ஒன்றுதான்.

—

தைப்பிங்பட்டறை எழுதியது:

நல்ல அளவு கொடுத்தீர்கள் தம்பி. இனி கணக்குப் போட்டாலே வண்டி பேசும்.

முன்பக்கம் 620 கிலோ என்றால் ஒரு சக்கரத்துக்கு 310. சக்கரம், பிரேக், சக்கரத்தைத் தாங்கும் நக்கிள் எல்லாம் ஸ்பிரிங்குக்குக் கீழே இருப்பவை. அவற்றுக்கு ஒரு 30 கிலோ கழியுங்கள். ஸ்பிரிங் சுமப்பது 280. மைவியின் முன் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் அப்சார்பரும் சேர்ந்த தூண்) ஏறக்குறைய நேராக நிற்பதால் அப்படியே வகுக்கலாம். 6 கிலோ ஸ்பிரிங் 6 கிலோவுக்கு 1 மி.மீ. அமுங்கும், ஆக 280 கிலோவுக்கு 47 மி.மீ. ஆனால் உங்கள் கம்பி 120இலிருந்து 58க்கு, அதாவது 62 மி.மீ. உள்ளே போயிருக்கிறது. மீதி 15 மி.மீ. எங்கே போனது? அதுதான் ஸ்பிரிங்குக்கும் தட்டுக்கும் நடுவே இருக்கும் வெற்று இடைவெளி. சக்கரம் ஒரு குழிக்குள் இறங்கும்போதெல்லாம் ஸ்பிரிங் தட்டைவிட்டு எழுந்து, மறுபடி வந்து அறைகிறது. நீங்கள் கேட்கும் "டொக் டொக்" அதுதான். அந்த வெள்ளி வட்டம் அதன் தழும்பு.

அடுத்தது மதகு. கம்பி வெளியே 58, அதில் ரப்பர் 40. மிச்சம் 18 மி.மீ. சுண்டுவிரல் அகலத்தைவிடச் சற்று அதிகம், அவ்வளவுதான். நான்கு விரல் மேட்டில் ஏறும் சக்கரத்துக்கு நீங்கள் கொடுத்திருக்கும் இடம் அதுதான். அதற்குமேல் வண்டி ஸ்பிரிங்கில் ஓடவில்லை, ரப்பரில் ஓடுகிறது. கிளிக் திருகினால் எண்ணெய் ஓடும் துவாரம்தான் மாறும். ரப்பர் மோதுவதை அது எப்படி மாற்றும்?

இது எப்படி நேர்ந்தது என்றால், காயிலோவரில் உயரத்தை மாற்ற இரண்டு இடம் இருக்கிறது. ஒன்று ஸ்பிரிங் உட்காரும் தட்டு. மற்றொன்று அடியில், நக்கிளில் போல்ட் போடும் பிராக்கெட். பிராக்கெட்டைத் திருகி இறக்கினால் அப்சார்பருக்குள் கம்பி ஓடும் தூரம் குறையாது. தட்டை இறக்கி வண்டியைத் தாழ்த்தினால், தாழ்ந்த ஒவ்வொரு மில்லிமீட்டரும் அந்தத் தூரத்திலிருந்து கழிகிறது. அவசரத்தில் பலரும் தட்டைத்தான் திருகுகிறார்கள், ஏனென்றால் அது கைக்கு எட்டுகிறது.

ஆகவே தளர்த்தச் சொன்னவர் சொன்னது உங்கள் வண்டிக்கு நேர்மாறு. நண்பர் சொன்னது பாதி சரி. இறுக்கினால் சத்தம் போகும். ஸ்பிரிங் கடினமாகிவிடும் என்ற பயம் வேண்டாம். ஒரே சீராகச் சுற்றிய ஸ்பிரிங், நீங்கள் 5 மி.மீ. முன்கூட்டியே அமுக்கி வைத்தாலும் அடுத்த மில்லிமீட்டருக்கு அதே 6 கிலோதான் கேட்கும். மாறுவது, சக்கரம் மேலே போக எவ்வளவு இடம், கீழே தொங்க எவ்வளவு இடம் என்ற பங்கீடு மட்டும். இரண்டும் வேண்டும். மேலே இடம் இல்லையென்றால் மேட்டில் அடி வாங்கும். அளவுக்கு மீறி இறுக்கிக் கீழே இடம் இல்லாமல் செய்தால் குழியில் டயர் மண்ணை விட்டுவிடும்.

உங்களுக்கு நான் சொல்வது: தட்டை 20 மி.மீ. ஏற்றுங்கள். 15 அந்த இடைவெளிக்கு, 5 முன்னழுத்தத்துக்கு. கம்பி தரையில் 78 தெரிய வேண்டும், ரப்பர் போக 38 மிச்சம். பிறகு பிராக்கெட்டில் 10 மி.மீ. உயர்த்துங்கள். மட்கார்டு அளவு 345க்கு வரும். கம்பெனி உயரத்தைவிட 20 குறைவு, போதும். பிராக்கெட்டுக்குள் திருகு மரை எவ்வளவு இருக்க வேண்டும் என்று உடலில் கோடு போட்டிருப்பார்கள். அந்தக் கோடு வெளியே தெரியக் கூடாது. உயரத்தை எப்போதும் சக்கர மையத்திலிருந்து அளந்து பாருங்கள். தரையிலிருந்து அளந்தால் டயர் காற்றும் சேர்ந்து ஏமாற்றும்.

தாழ்ந்தால் வளைவில் நன்றாகப் பிடிக்கும் என்று நினைத்து 50, 60 இறக்குகிறார்கள். முன் லோயர் ஆர்ம் (சக்கரத்தை வண்டியின் அடியோடு இணைக்கும் கை) கிடைமட்டத்தைத் தாண்டி, வெளிமுனை மேல்நோக்கி நிற்கும் அளவுக்கு இறக்கினால், வண்டி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி வண்டியின் உடலைவிட வேகமாகக் கீழே போய்விடும். சாயவைக்கும் நெம்புகோல் நீளும். வண்டி தாழ்ந்தும் சாய்வு கூடும். இதை நான் 20 தடவை சொன்னாலும் பையன்கள் நம்புவதில்லை. ஓட்டிக் காட்டினால் நம்புகிறார்கள்.

இதைத் தவறவிடாதீர்கள்: லோயர் ஆர்ம் வண்டியோடு சேரும் இடத்துப் போல்ட்களைத் தளர்த்தி, வண்டி நான்கு சக்கரத்தில் நிற்கும் நிலையில் திரும்ப இறுக்குங்கள். அந்தப் புஷ் ரப்பர் எந்த நிலையில் இறுக்கப்பட்டதோ அதுவே அதன் ஓய்வு நிலை. சக்கரம் தொங்கும்போது இறுக்கிவிட்டால், வண்டி நிற்கும் நேரமெல்லாம் அது முறுக்கிய துணி போல இருக்கும். சீக்கிரம் கிழியும், சவாரியும் விறைப்பாக இருக்கும். பின் சக்கரங்கள் இரண்டையும் இணைக்கும் பீமின் புஷ்களுக்கும் இதே விதி.

பின்பக்கம் தனிக் கதை. மைவியில் பின் ஸ்பிரிங் ஓர் இடம், அப்சார்பர் ஓர் இடம். ஸ்பிரிங்கின் அடியில் இருக்கும் வளையத்தைத் திருகித்தான் உயரம் மாற்றுவீர்கள். தூக்கியதும் அங்கேயும் ஸ்பிரிங் ஆடுகிறதா என்று பாருங்கள். முழுக்கத் தளர்ந்திருந்தால் பெரிய குழியில் இடத்தைவிட்டு நகர்ந்துவிடும். அது சத்தத்தோடு முடிகிற விஷயம் இல்லை.

கிளிக்கை முழுக்க மூடி, அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். மூடும்போது குமிழை நெரிக்க வேண்டாம். முன்னே 16, பின்னே 18 திறந்து தொடங்குங்கள். வரிவரியான பாதையில் அதிகம் மூடி வைத்தால், ஒரு வரியில் அமுங்கிய சக்கரம் திரும்ப இறங்குவதற்குள் அடுத்த வரி வந்துவிடும். வண்டி படிப்படியாக அமிழ்ந்து மறுபடி ரப்பரில் போய் உட்காரும்.

கடைசியாக, ஒரு கேபிள் டையை எடுத்துப் பளபளப்பான கம்பியில் கட்டுங்கள். நகரும்படி, ஆனால் தானாக விழாதபடி. அப்சார்பர் உடலின் மேல் விளிம்பைத் தொடும்வரை கீழே தள்ளிவிட்டு அந்த 6 கிலோமீட்டரையும் ஓட்டுங்கள். திரும்பி வந்து பார்த்தால், சக்கரம் எவ்வளவு மேலே போனது என்பதை அது காட்டிக்கொண்டு நிற்கும். கம்ப்யூட்டர் வேண்டாம். டயர் அலைன்மெண்டை இப்போது செய்யாதீர்கள். ஒரு வாரம் ஓட்டி ஸ்பிரிங் படிந்தபின் செய்யுங்கள். உள்விளிம்பு தேய்ந்தது பெரும்பாலும் டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளே அல்லது வெளியே திரும்பி நிற்கும் அளவு) மாறியதால்தான், 50 மி.மீ. இறக்கிவிட்டு அலைன்மெண்ட் பார்க்காமல் ஓட்டியிருக்கிறீர்கள்.

—

கேரித்தீவுக்காரன் எழுதியது:

தைப்பிங் அண்ணன் சொன்னதற்கு மேல் தொழில்நுட்பம் எனக்குத் தெரியாது. நான் தோட்டத்தில் உரம் போடும் பகுதியில் இருக்கிறேன். அனுபவத்தில் ஒன்றைச் சொல்கிறேன்.

செம்பனைக்குப் போடும் பொட்டாஷ் உரம் என்பது பொட்டாசியம் குளோரைடு, ஓர் உப்பு. மழையில் கரைந்து பாதைச் சேற்றோடு கலந்து வண்டியின் அடியில் அப்பிக்கொள்ளும். உங்கள் செட்டில் பூட்டு வளையம் அலுமினியமாகவும் உடல் இரும்பாகவும் இருந்தால், உப்புச் சேறு நடுவே புகுந்து இரண்டையும் ஒட்டவைத்துவிடும். ஒரு வருடம் கழித்துத் திருகப் பார்த்தால் கொக்கி ஸ்பேனரில் வளையத்தின் பல் உடையுமே தவிர மரை நகராது. என் முதல் செட் அப்படித்தான் வீணானது.

திருகுவதற்கு முன் மரையைப் பித்தளைப் பிரஷ்ஷால் நன்றாகத் தேயுங்கள். தண்ணீர் பீய்ச்சி மணலை வெளியேற்றுங்கள். மணலோடு திருகினால் மரையை மணலே அரைத்துவிடும். உயரம் சரியானதும் மரை முழுக்க, ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் ஆன்டிசீஸ் பசை பூசிவிட்டு, பழைய சைக்கிள் டியூபில் ஒரு துண்டு வெட்டி மரைக்கு மேல் உறை போல மாட்டுங்கள். மேல்பக்கம் இறுக்கமாக, கீழ்ப்பக்கம் திறந்தே இருக்கட்டும். இரண்டு பக்கமும் கட்டினால் உள்ளே தண்ணீர் தங்கும். வாரம் ஒரு முறை கழுவும்போது அடியிலும் தண்ணீர் அடியுங்கள்.

—

புலாய்_ஆசிரியை எழுதியது:

அம்மாவை அழைத்துப் போகும் வண்டி என்பதால் ஒரு வரி. சஸ்பென்ஷன் மாற்றியதைக் காப்புறுதி நிறுவனத்திடம் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். பின்னால் வண்டியை விற்கும்போது புஸ்பகோம் போன்ற மையத்தில் வாகனப் பரிசோதனை வரும், அதற்காகப் பழைய ஸ்பிரிங்குகளைத் தூக்கி எறியாமல் துணி சுற்றிப் பத்திரமாக வையுங்கள்.

—

லயத்துவீடு எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை காலை 7 மணிக்குத் தொடங்கி மாலை 3 மணிக்கு முடித்தேன். ஆலையின் பொறியாளர் பிரிவிலிருந்து ஸ்டாண்டு கேட்டு வாங்கி வந்தேன்.

முதலில் இடைவெளியை ஸ்கேல் வைத்து அளந்தேன். இடப்பக்கம் 14, வலப்பக்கம் 16. தைப்பிங் அண்ணன் வண்டியைப் பார்க்காமலே 15 என்று சொன்னார். கையில் ஸ்கேலோடு கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

வலப்பக்க வளையம் அசையவே மறுத்தது. கேரித்தீவு அண்ணன் சொன்னது போல மரைக்குள் வெள்ளையாகப் பூத்திருந்தது. பிரஷ் போட்டு, வெந்நீர் ஊற்றி, துருநீக்கி எண்ணெய் அடித்து, ஒரு மணி நேரம் விட்டபின் "கிறீச்" என்று நகர்ந்தது. உடைக்காமல் எடுத்துவிட்டேன். இப்போது பசையும் பூசியாயிற்று, தம்பியின் பழைய சைக்கிள் டியூபும் மாட்டியாயிற்று.

முன்பக்கம் இரண்டும் 345. கம்பி தரையில் 78, ஒரு பக்கம் 77. பின் ஸ்பிரிங் இரண்டும் தளர்ந்துதான் இருந்தன. ஆடாத அளவுக்கு ஏற்றி, இருபக்கமும் ஒரே உயரத்தில் பூட்டினேன். லோயர் ஆர்ம் போல்ட்களைத் தளர்த்தியபோது வலப்பக்க ஆர்ம் தானாகவே கொஞ்சம் துள்ளியது. ரப்பர் அத்தனை நாளும் முறுகிக் கிடந்திருக்கிறது. சக்கரங்களுக்கு அடியில் பலகை வைத்து, வண்டி நின்ற நிலையில் இறுக்கினேன்.

கேபிள் டை விவரம்: தனியாக ஓட்டியபோது வரிப் பாதையில் 22. மதகில் 30 வேகத்தில் 34. ரப்பருக்கு முன்னால் இன்னும் 4 மி.மீ. இருக்கிறது. "டொக் டொக்" போய்விட்டது. கிளிக் இப்போது வேலை செய்கிறது என்பதுதான் எனக்குப் பெரிய வியப்பு. முன்னே 10 வைத்தால் வரிகளில் வண்டி நடுங்குகிறது, 20இல் மதகைத் தாண்டியபின் இரண்டு முறை ஆடுகிறது. 17இல் நிறுத்தியிருக்கிறேன்.

திங்கட்கிழமை அம்மாவை அழைத்துப் போனேன். திரும்பும்போது மதகு வரும் முன்பே தூங்கிவிட்டார். இரண்டு மாதமாக அந்தப் பாதையில் அவர் தூங்கியதில்லை.

அலைன்மெண்ட் அடுத்த வாரம். ஒரே ஒரு கேள்வி மிச்சம்: பின் இடப்பக்கம், வண்டியை நிறுத்தி இறங்கும்போது மட்டும் ஒரு முனகல் சத்தம். ஓடும்போது இல்லை.

—

தைப்பிங்பட்டறை எழுதியது:

ஸ்பிரிங்கின் மேல்முனைக்கும் வண்டி உடலுக்கும் நடுவே ஒரு ரப்பர் தட்டு இருக்க வேண்டும். பழைய ஸ்பிரிங்கோடு அது கழன்று போயிருக்கலாம். பழைய பாகங்களில் தேடிப் பாருங்கள். இல்லையென்றால் கடையில் தனியாகவே கிடைக்கும், விலை அதிகமில்லை.

தனியாக ஓட்டிய 34 எனக்குப் போதாது தம்பி. ஆள் ஏறினால் நிற்கும்போதே அமுங்கும், ரப்பருக்கு முன் இருக்கும் இடமும் குறையும். நிறைய ஆள் ஏற்றி ஓட்டிவிட்டு எண்ணைச் சொல்லுங்கள். பம்ப் ஸ்டாப்பைத் தொட்டால் முன் ஸ்பிரிங் உட்காரும் தட்டில் இன்னும் 4 மி.மீ. ஏற்றலாம். அதற்குமேல் தேவைப்பட்டால் 7 கிலோ ஸ்பிரிங் பற்றிப் பேசுவோம்.

—

லயத்துவீடு எழுதியது:

ரப்பர் தட்டு கிடைத்துவிட்டது அண்ணே, பழைய ஸ்பிரிங்கிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. மாட்டியதும் முனகல் நின்றது. சனிக்கிழமை அம்மா, அக்கா, அக்காள் கணவர் எல்லாரும் ஈப்போ கல்லுமலைக் கோயிலுக்கு என் வண்டியில்தான் வருகிறார்கள். கேபிள் டையைக் கீழே தள்ளிவைத்துவிட்டேன். இரவு வந்து எண்ணை எழுதுகிறேன்.